காதுக்குக் கீழே வலிக்காத கட்டி: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலும் முகம் கழுவும்போதுதான் விரலில் தட்டுப்படும். காதுச் சோணைக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில், ஒரு சுண்டைக்காய் அளவுக்கு. அமுக்கினால் வலிக்காது, லேசாக நகரும். "வலிதான் இல்லையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் அது நெல்லிக்காய் ஆகும். இன்னும் சில வருஷம் போனால் எலுமிச்சம்பழம். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவரான என்னிடம் இந்தக் கட்டியோடு வருகிறவர்களில் பலர், அதனோடு ஐந்து பத்து வருஷம் வாழ்ந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

என் அத்தை ஒருவிதத்தில் அதற்கு நேர்மாறு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். கட்டி சிறியதாக இருக்கும்போதே ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினார். "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் நோண்டி எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை, எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே தழும்புக்கு அடியில் ஜவ்வரிசியைக் கொட்டி வைத்தது போல ஏழெட்டு முடிச்சுகள். இரண்டாவது அறுவை ஆறு மணி நேரம் நடந்தது. இன்றும் அவர் சிரித்தால் கீழுதடு ஒரு பக்கமாக இழுக்கும். "ஏங்கண்ணு, அன்னிக்கே தெரிஞ்சவங்ககிட்ட போயிருந்தா இந்தக் கோணவாய் வந்திருக்காதில்ல?" என்று ஒருமுறை கேட்டார். வந்திருக்காது என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கட்டிகளுக்கு முதல் அறுவைதான் நல்ல அறுவை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த முதல் அறுவை சரியாக அமைவதற்காகத்தான்.

முதலில், எந்தச் சுரப்பி?

நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. அதைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழுமாகப் படர்ந்திருப்பது பரோடிட். தாடை எலும்புக்கு அடியில் இருப்பது சப்மாண்டிபுலர். நாக்குக்கு அடியில் இருப்பது சப்லிங்குவல். இவை போக உதடு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் என்று வாய் முழுக்க 600 முதல் 1,000 வரை குட்டிச் சுரப்பிகள் உண்டு.

கட்டிகளில் முக்கால்வாசி பரோடிட்டில்தான் வருகின்றன. அங்கே வருபவற்றில் 100க்கு 75 முதல் 80 வரை புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியில் கட்டி வந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நாக்குக்கு அடியிலோ அண்ணத்திலோ வந்தால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். சுரப்பி சின்னதாக ஆக ஆக, சந்தேகம் பெரிதாக வேண்டும். அண்ணத்தில் ஒரு மொச்சைக்கொட்டை அளவு வீக்கத்தைப் பார்த்தால் காதுக்குக் கீழே உள்ள நெல்லிக்காயை விட நான் அதிகம் கவலைப்படுவது இதனால்தான். பல்செட் போடுகிறவர்கள் "செட் திடீர்னு சரியா உக்கார மாட்டேங்குது" என்று பல் டாக்டரிடம் போய், அவர் கண்டுபிடித்து அனுப்புவதும் உண்டு.

படி 1: இது கட்டிதானா, வேறு எதுவுமா?

தாடைப் பக்கம் வீங்குவதெல்லாம் கட்டி இல்லை. நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது பொன்னுக்கு வீங்கி. அதில் காய்ச்சல் இருக்கும், வலி இருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும், பத்து நாளில் வடிந்துவிடும்.

அடுத்தது சுரப்பிக் கல். இதை நோயாளி சொல்வதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். சாப்பிட உட்கார்ந்ததும், முக்கியமாக ஊறுகாயோ புளிக்குழம்போ வாயில் பட்டதும், தாடைக்கு அடியில் விண்ணென்று வீங்கி வலிக்கும். ஓரிரு மணி நேரத்தில் தானாக இறங்கும். அடுத்த வேளை மறுபடியும். கட்டி இப்படி ஏறி இறங்காது. அது இருந்த இடத்தில் இருந்து மெதுவாக வளரும்.

மூன்றாவது, நெறி கட்டுவது. பல், தொண்டை, தலைச் சொறி எதிலாவது புண் இருந்தால் கழுத்தில் நெறி கட்டும். காசநோயிலும் கட்டும், அது நம் நாட்டில் சாதாரணம். பரோடிட் சுரப்பிக்கு உள்ளேயே நிணநீர் முடிச்சுகள் இருப்பதால், காசநோய் நெறியும் சுரப்பிக் கட்டியும் கைக்கு ஒரே மாதிரி தெரியும். கண்ணும் வாயும் வறண்டு, இரண்டு பக்கச் சுரப்பியும் வீங்கியிருந்தால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயை நினைக்க வேண்டும். அந்த நோயாளிகளுக்கு ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதானால் நிணநீர்ப் புற்றுநோயா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் தாண்டியும் வடியாத, ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிற வீக்கம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுவது, சூடு வைப்பது, உருவிவிடுவது எதுவும் வேண்டாம். தோல் வெந்துபோய் வருகிறவர்களுக்கு அறுவையையே தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது.

படி 2: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கட்டி இருக்கும் பக்கம் முகம் இழுத்துக்கொள்வது, கண் முழுசாக மூடாமல் போவது. கட்டியில் வலி அல்லது மரத்துப்போன உணர்ச்சி. பல வருஷம் சும்மா கிடந்த கட்டி சில மாதங்களில் வேகமாகப் பெருப்பது. கல் போலக் கெட்டியாகி நகராமல் போவது. தோல் சிவந்து புண்ணாவது. கழுத்தில் கூடவே இன்னொரு முடிச்சு. வாய் முழுசாகத் திறக்க முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போங்கள்.

முக வாதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் எழுந்தால் முகம் கோணியிருப்பது பெரும்பாலும் பெல்ஸ் வாதம் என்கிற நரம்பு அழற்சி. முக்கால்வாசிப் பேருக்கு வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் முகம் ஒரே நாளில் இழுக்காமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால், அல்லது மூன்று மாதமாகியும் துளியும் திரும்பாவிட்டால், பரோடிட் சுரப்பியை ஸ்கேன் செய்தே ஆக வேண்டும். கையில் படாத ஆழத்தில் கட்டி ஒளிந்திருக்கலாம். ஒன்றரை வருஷம் முகத்துக்கு மசாஜும் மின் தூண்டலும் மட்டும் செய்துகொண்டிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு முதலிலேயே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் என்று இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. கைக்குழந்தைக்குக் காதுக்கு முன்னால் மெத்தென்று வீங்கினால் பெரும்பாலும் அது ரத்தக்குழாய்க் கட்டி, மருந்திலேயே சுருங்கும். பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கெட்டியான கட்டி வந்தால் பெரியவர்களை விடப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம், தள்ளிப்போடக் கூடாது.

படி 3: மருத்துவர் எப்படிப் பார்க்க வேண்டும்

நல்ல பரிசோதனை பத்து நிமிஷம் பிடிக்கும். கட்டியை வெளியே தொட்டுப் பார்ப்பதோடு முடியாது. கையுறை போட்டு, ஒரு விரலை வாய்க்குள் விட்டு, மற்றக் கையை வெளியே வைத்து இரண்டுக்கும் நடுவே பிடித்துப் பார்க்க வேண்டும். பரோடிட்டின் ஆழப் பகுதியில் வரும் கட்டி வெளியே துளிகூடத் தெரியாமல், தொண்டையில் டான்சில் பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காதவருக்கு அது தெரியாது.

பிறகு முகத்தை அசைக்கச் சொல்வார். புருவத்தைத் தூக்குங்கள், கண்ணை இறுக்கி மூடுங்கள், கன்னத்தை ஊதுங்கள், பல்லைக் காட்டுங்கள். இது விளையாட்டு இல்லை. முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வந்து, நேராக பரோடிட் சுரப்பிக்குள் நுழைந்து, விரித்த கைவிரல்கள் போல ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கன்னத்துக்கு, கீழுதட்டுக்கு, கழுத்துக்கு என்று. அறுவைக்கு முன்பு ஒவ்வொரு கிளையும் எப்படி வேலை செய்தது என்று எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் உங்கள் செல்போனிலேயே நீங்கள் சிரிப்பதையும் கண் மூடுவதையும் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கூடவே தலைத்தோல், நெற்றி, காது மடல் ஆகியவற்றில் பழைய புண், மச்சம் எடுத்த தழும்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார். அங்கிருந்த தோல் புற்றுநோய் பரோடிட் முடிச்சுக்கு வந்திருக்கலாம்.

படி 4: ஸ்கேன், அப்புறம் ஊசி

முதலில் அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. கட்டி சுரப்பிக்குள்ளா வெளியிலா, கல்லா நீர்க்கட்டியா, கழுத்து முடிச்சுகள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அதே மேஜையில் அந்த ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுப்பதுதான் எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசியை விடவும் மெல்லியது. இங்கேதான் பலர் பயந்து எழுந்து போய்விடுகிறார்கள். "ஊசி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" இந்தக் கேள்வியை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். இவ்வளவு மெல்லிய ஊசியால் இந்தக் கட்டிகள் பரவுவது நடைமுறையில் இல்லாத விஷயம். பரவ வைப்பது கத்தி. பரோடிட் கட்டியில் தோலைக் கீறி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பயாப்ஸி செய்யக் கூடாது. கட்டியின் உறை கிழிந்து செல்கள் சுற்றிலும் சிதறும், நரம்பும் அடிபடும். யாராவது "இங்கேயே சின்னதா ஒரு பீஸ் எடுத்துடலாம்" என்றால், வேண்டாம், ஊசிப் பரிசோதனை முதலில் என்று சொல்லுங்கள். ஊசியில் போதுமான செல் வராவிட்டால் ஸ்கேன் வழிகாட்டலில் கொஞ்சம் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கலாம், அது சரியான வழி. அண்ணத்தில் உள்ள கட்டி மட்டும் விதிவிலக்கு. அங்கே வாய்க்குள்ளிருந்து ஒரு துணுக்கு எடுப்பது வழக்கம்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் தேவையில்லை. கையில் நன்றாகப் பிடிபடும், நகரும், சிறிய, ஊசியில் சாதாரணம் என்று வந்த கட்டிக்கு அல்ட்ராசவுண்டே போதும் என்பது என் கருத்து. ஆழத்தில் இருக்கிறது, பெரிதாக இருக்கிறது, மறுபடி வந்திருக்கிறது, புற்றுநோய் சந்தேகம் இருக்கிறது என்றால் சாய மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. அவசியம். நரம்பு வழியாக நோய் மண்டை ஓட்டை நோக்கி ஏறியிருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். தாடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க சி.டி. புற்றுநோய் உறுதியானால் நெஞ்சுக்கும் ஒரு சி.டி., ஏனென்றால் இவை தூரம் போனால் முதலில் போகிற இடம் நுரையீரல்.

படி 5: ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது

ஊசி ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் "மிலான்" என்று ஒரு சொல்லும் ரோமன் எண்ணும் இருக்கும். 2018இல் வெளியான இந்த முறையில் ஆறு பிரிவுகள். ஒன்று என்றால் செல் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு என்றால் கட்டியே இல்லை, அழற்சி போன்றது. மூன்று, தெளிவில்லை. நான்கில் இரண்டு உட்பிரிவு: 4ஏ சாதாரணக் கட்டி, 4பி கட்டிதான் ஆனால் எந்த ரகம் என்று சொல்ல முடியவில்லை. ஐந்து, புற்றுநோய் சந்தேகம். ஆறு, புற்றுநோய். 4பி வந்தால் மனம் உடைய வேண்டாம், அதே சமயம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் இருக்க வேண்டாம். எடுத்து முழுக்கட்டியையும் பார்த்தால்தான் தெரியும் என்பது அதன் பொருள்.

ரகங்கள் முப்பதுக்கும் மேல். ஆனால் நீங்கள் கேள்விப்படப் போவது பெரும்பாலும் நாலைந்துதான்.

பிளியோமார்ஃபிக் அடினோமா: மிகவும் அதிகமாக வருவது. என் அத்தைக்கு வந்ததும் இதுதான். புற்றுநோய் இல்லை. ஆனால் இரண்டு கெட்ட குணம் உண்டு. ஒன்று, அதன் உறை சில இடங்களில் வெங்காயச் சருகு போல மெல்லியது, அதைத் தாண்டி மொட்டு மொட்டாக நீட்டிக்கொண்டிருக்கும். நோண்டி எடுத்தால் மொட்டுகள் தங்கிவிடும். வெறுமனே நோண்டி எடுத்த பழைய காலத்தில் நூற்றுக்கு 20 பேர் முதல் 45 பேர் வரை திரும்ப வந்திருக்கிறது. சுற்றிலும் நல்ல சதையோடு எடுத்தால் அது 5க்கும் கீழே. இரண்டாவது குணம், பல வருஷம் விட்டால் புற்றுநோயாக மாறலாம். முதல் ஐந்து வருஷத்தில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு, பதினைந்து வருஷம் தாண்டினால் பத்தை நெருங்குகிறது. வலிக்காத கட்டியை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த இரண்டு எண்கள்தான்.

வார்தின் கட்டி: புகை பிடிக்கும், வயதான ஆண்களுக்கு அதிகம். பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் வரும். புற்றுநோயாக மாறுவது மிக அபூர்வம். எண்பது வயதில், இதய நோயோடு வருபவருக்கு இது உறுதியானால் எடுக்காமல் கண்காணிப்பதே நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மியூகோஎபிடெர்மாய்டு: புற்றுநோய்களில் அதிகம் வருவது. இதில் தரம் என்று ஒன்று உண்டு. குறைந்த தரம் என்றால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். உயர்ந்த தரம் என்றால் கழுத்து முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடியது. தரம் என்ற சொல்லை இங்கே நல்ல அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம், உயர்ந்தால் மோசம்.

அடினாய்டு சிஸ்டிக்: மெதுவானது, பிடிவாதமானது. நரம்பின் உறைக்குள் புகுந்து நடக்கும். அறுவை முடிந்து பத்து, பதினைந்து வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும். இதில் "அஞ்சு வருஷம் தாண்டிட்டோம்" என்று கண்காணிப்பை நிறுத்தக் கூடாது.

ஏன் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கதிர்வீச்சு ஒரு காரணம் என்பது ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் தெரிந்தது. புகைக்கும் வார்தின் கட்டிக்கும் தொடர்பு உறுதி. அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின் பரோடிட் புற்றுநோயால் 2014இல் இறந்தார். பல வருஷம் வாயில் அடக்கிய புகையிலைதான் காரணம் என்று அவர் நம்பினார், ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதியாக நிறுவவில்லை. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை காரணம் என்பதில் சந்தேகமே இல்லை, அதனால் விட்டுவிடுவது எப்படியும் நல்லது. செல்போன் பற்றிய பயத்துக்கு இதுவரை வந்த பெரிய ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. நீங்கள் எதையோ தப்பாகச் செய்துவிட்டதால் வந்ததில்லை.

படி 6: அறுவை

அறுவைக்குத் தேதி வாங்கும் முன் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்கள் வருஷத்துக்கு எத்தனை பரோடிட் அறுவை செய்கிறீர்கள்? முக நரம்பைக் கண்டுபிடித்துப் பிரித்துத்தான் எடுப்பீர்களா? எடுத்த கட்டியை முழுசாகப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? நரம்பில் ஒட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் இந்த அறுவையைச் செய்துகொள்ள வேண்டாம். புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டால், அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்று துறை மருத்துவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்துக்குப் போவது நல்லது. சென்னை அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் அந்த வசதி இருக்கிறது.

முழு மயக்கத்தில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். தழும்பு காதுக்கு முன்னால் இறங்கி, சோணையைச் சுற்றி, கழுத்து மடிப்பில் மறையும்படி கீறுவோம். தோலைத் தூக்கியதும் முதல் வேலை கட்டி இல்லை, நரம்பு. காதின் குருத்தெலும்பு முன்பக்கம் ஒரு கூர் போல முடியும், அது ஒரு அடையாளம். கழுத்துப் பக்கம் ஒரு தசை ஏறி வந்து எலும்பில் சேரும், அது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, அந்தக் கூர் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஈரமாகப் பளபளக்கும் ஒரு வெள்ளை நூல் தெரியும். மின் தூண்டி முனையால் மெல்லத் தொட்டால் நோயாளியின் வாயோரம் துடிக்கும். இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் துடிப்பைப் பார்க்கும்வரை நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அப்புறம் அந்த நூலைப் பின்தொடர்ந்து, கிளை கிளையாகப் பிரித்து, அதன் மேலிருக்கும் சுரப்பிப் பகுதியைக் கட்டியோடு சேர்த்து எடுப்போம். கட்டி நரம்புக்கு அடியில் இருந்தால் நரம்பை ஒதுக்கி, கீழிருந்தும் எடுக்க வேண்டும். சிறிய, வெளிப்புறமான, சாதாரணக் கட்டிக்கு முழு மேல்பகுதியையும் எடுக்காமல், கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்தாலும் போதும், அனுபவம் உள்ள கை என்றால்.

புற்றுநோய் என்றாலும், நரம்பு வேலை செய்துகொண்டிருந்து கட்டி அதைத் துளைக்கவில்லை என்றால் நரம்பைக் காப்பாற்றுவதுதான் முறை. நோய் நரம்பைப் பிடித்திருந்தால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டி, கழுத்திலிருந்தோ காலிலிருந்தோ ஒரு உணர்ச்சி நரம்பை எடுத்து அதே நேரத்தில் ஒட்டுப்போடுவோம். அது உயிர்பெற ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை ஆகும்.

தாடைக்கு அடியிலுள்ள சுரப்பி என்றால் தாடை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறி, சுரப்பியை முழுசாக எடுப்போம். கீழுதட்டுக்குப் போகும் கிளையும், நாக்கின் உணர்ச்சி, அசைவு நரம்புகளும் அங்கே பக்கத்தில் ஓடுகின்றன. அண்ணத்துக் கட்டி புற்றுநோயாக இருந்து எலும்பையும் எடுக்க வேண்டி வந்தால், அந்த ஓட்டையை மூடப் பல்செட் போன்ற ஒரு தட்டைப் பல் மருத்துவர் முன்கூட்டியே அளவெடுத்துச் செய்து வைக்க வேண்டும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

காயத்தில் நீர் தேங்காமல் வடிய வைத்த டியூபை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். காதுச் சோணை மரத்துக் கிடக்கும். அங்கே போகும் நரம்பை ஒதுக்கியோ வெட்டியோதான் பெரும்பாலும் வழி கிடைக்கிறது. கம்மல் போடும்போது குத்துவது தெரியாது, கவனம். பல மாதங்களில் கொஞ்சம் திரும்பும்.

முகம் லேசாக இழுப்பது, முக்கியமாகக் கீழுதடு, பலருக்கு இருக்கும். நரம்பை முழுசாகக் காப்பாற்றியிருந்தாலும் தொட்டதே அதற்கு அதிர்ச்சி. வாரங்களில் அல்லது சில மாதங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்குவது முதல் அறுவையில் சிலருக்குத்தான், இரண்டாவது மூன்றாவது அறுவையில் அது பல மடங்கு கூடும். கண் மூடவில்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். விட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகும்.

சாப்பிடும்போது தழும்புக்கு அடியில் தண்ணீர் கோத்தது போல வீங்கினால் அது கசியும் எச்சில். ஊசியால் எடுத்து அழுத்திக் கட்டினால் சில வாரங்களில் வற்றிவிடும்.

இன்னொன்று, மாதங்கள் கழித்து வருவது. சாப்பிட ஆரம்பித்ததும் அந்தக் கன்னம் மட்டும் சிவந்து வியர்த்துக் கொட்டும். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய நரம்பு இழைகள், சுரப்பியைக் காணாமல் மேலே வளர்ந்து தோலின் வியர்வைச் சுரப்பியோடு ஒட்டிக்கொண்டதால் வருவது. 1923இல் இதைத் தெளிவாக விளக்கி எழுதிய போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே பெயரால் ஃப்ரே பாதிப்பு என்கிறோம். யூதரான அவர் 1942இல் நாஜிகள் ஆக்கிரமித்த ல்வோவ் நகரில் கொல்லப்பட்டார். ஒரு நோயாளியின் கன்னத்தில் அயோடின் தடவி, மாவு தூவி, வியர்வை பட்ட இடம் கருநீலமாக மாறுவதைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். பயப்பட வேண்டிய நோய் இல்லை. வியர்வைத் தடுப்புக் களிம்பு போதும், தொந்தரவு அதிகமானால் போட்டாக்ஸ் ஊசி நன்றாகக் கேட்கும்.

ஒரு சுரப்பியை எடுத்தால் வாய் வறண்டுபோகுமா என்றால், போகாது. மற்றவை பார்த்துக்கொள்ளும்.

படி 8: புற்றுநோய் என்றால் அடுத்து என்ன

கட்டியின் முழு ரிப்போர்ட் வந்த பிறகுதான் இந்த முடிவு. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் முதல் அளவு, நாலு வரை இரண்டாவது, அதற்கு மேல் அல்லது சுரப்பியைத் தாண்டினால் மூன்றாவது, தோல், தாடை எலும்பு, முக நரம்பு பிடிபட்டால் நான்காவது. கழுத்தில் முடிச்சு பரவியிருந்தால் கழுத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். பரவல் தெரியாவிட்டாலும் உயர்தரக் கட்டிக்கு அது பெரும்பாலும் தேவைப்படும்.

கதிர்வீச்சு எல்லோருக்கும் இல்லை. உயர் தரம், வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம், நரம்பில் பரவல், கழுத்து முடிச்சு, பெரிய கட்டி, அல்லது அடினாய்டு சிஸ்டிக் ரகம் என்றால் சொல்வார்கள். மக்கள் இதைக் "கரண்ட் வைக்கிறது" என்கிறார்கள், அந்தப் பேரே பாதிப் பயத்தைக் கொண்டுவருகிறது. மின்சாரம் எதுவும் உடம்பில் பாயாது. முகத்துக்கு ஒரு வலை முகமூடி செய்து, அசையாமல் படுத்திருக்க, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஆறரை வாரம், மொத்தம் 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது.

அதற்கு முன்னால் பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தப் பக்கப் பல்லைச் சொல்லாமல் கொள்ளாமல் எங்காவது போய்ப் பிடுங்கினால் தாடை எலும்பே செத்துப்போய் சீழ் வைக்கும். பத்து வருஷம் கழித்தும் இது பொருந்தும். சிகிச்சை நாட்களில் வாய் புண்ணாகும், ருசி போகும். காரத்தை விட்டு, குழைந்த தயிர்சாதம், கஞ்சி, மசித்த பருப்பு, முட்டை என்று எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் வாயை நன்றாகத் திறந்து மூடும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தாடை இறுகிவிடும்.

கீமோவுக்கு இந்த நோயில் முதல் இடம் இல்லை. அறுவை செய்ய முடியாத, தூரம் பரவிய நிலையில்தான் மருந்துகள். அப்படி ஒரு நிலை வந்தால் கட்டியின் மரபணுச் சோதனையைக் கேளுங்கள். சுரப்புக் கார்சினோமா என்ற ரகத்தில் என்.டி.ஆர்.கே. என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கென்றே லாரோட்ரெக்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது, அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. உமிழ்நீர் நாளக் கார்சினோமாவில் ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருந்தால் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் உதவலாம், ஆண் ஹார்மோன் ஏற்பி இருந்தால் புராஸ்டேட் நோய்க்கான ஹார்மோன் மருந்து. விலை அதிகம்தான், காப்பீட்டு அட்டை இருந்தால் எதற்கெல்லாம் அனுமதி கிடைக்கும் என்று சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: கண்காணிப்பு

சாதாரணக் கட்டி என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், பிளியோமார்ஃபிக் அடினோமா பத்து வருஷம் கழித்தும் திரும்பலாம். புற்றுநோய் என்றால் முதல் வருஷம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும், ஐந்து வருஷத்துக்கு மேல் வருஷம் ஒருமுறை. அடினாய்டு சிஸ்டிக் என்றால் வாழ்நாள் முழுக்க, நெஞ்சு ஸ்கேனோடு. நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தாலும் உடனே கீமோ என்று பதற வேண்டியதில்லை. அவை மெதுவாக வளர்வதால், அவற்றோடு பல வருஷம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு.

எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டையும் கண்ணாடி ஸ்லைடும் மருத்துவமனையில் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. முதல் ரிப்போர்ட், அறுவைக் குறிப்பு, கதிர்வீச்சு விவரம் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு ஃபைலில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரியும்படி வையுங்கள். என் அத்தையின் ஃபைல் அரிசிப் பானைக்கு மேலே, பரணில், ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கிறது. அதில் இல்லாத ஒரே காகிதம் அந்த முதல் கட்டியின் ரிப்போர்ட்.